நீட்டிய பாதையில் நின்றுபோன ரயில்

மாணவர்களே, வீட்டில் மேசை மேல் ஓடும் மாதிரி ரயிலைப் பார்த்திருப்பீர்கள். சிலர் சொந்தமாகவே வைத்திருக்கலாம். பெட்டியில் வரும் வட்டப் பாதையோடு எவரும் நிற்பதில்லை. கொஞ்ச நாளில் ஒரு கிளைப் பாதை, அதன் முடிவில் ஒரு நிலையம் என்று தளத்தை நீட்டத் தோன்றும். நீட்டியவுடன் பலருக்கும் வரும் சிக்கல் ஒன்றுதான்: பழைய பாதையில் சீறிப் பாய்ந்த ரயில், புதிய பாதையில் தள்ளாடும். கடைசி முனையில் நின்றேவிடும்.

படிவம் 4 மாணவன் ஒருவன் இதே சிக்கலோடு என்னிடம் வந்தான். சுவரோரமாக 4 மீட்டர் நீளத்துக்குப் பலகை அடித்து, 20 சென்டிமீட்டர் தண்டவாளத் துண்டுகள் இருபதை வரிசையாகக் கோத்திருந்தான். "சார், என்ஜின் மோட்டார் போய்விட்டது. தீபாவளி அங்பாவ் பணத்தில் புது என்ஜின் வாங்கப் போகிறேன்" என்றான். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டேன் சார். தொடக்கத்திலும் 12 வோல்ட், கடைசியிலும் 12 வோல்ட். மின்சாரம் சரியாகத்தான் வருகிறது."

அவன் அளந்தது சரி. அதிலிருந்து எடுத்த முடிவுதான் தவறு. எங்கே தவறினான் என்பதுதான் இன்றைய பாடம்.

ரயில் இல்லாதபோது எடுத்த அளவு

ஓம் விதியை ஏற்கெனவே படித்திருப்பீர்கள்.

மின்னழுத்தம் = மின்னோட்டம் × மின்தடை

மாதிரி ரயிலின் இரண்டு தண்டவாளங்களும் இரண்டு மின்கம்பிகள் போன்றவை. கன்ட்ரோலரிலிருந்து வரும் மின்னோட்டம் ஒரு தண்டவாளம் வழியாக என்ஜினுக்குப் போய், மோட்டாரைச் சுழற்றிவிட்டு, மற்றத் தண்டவாளம் வழியாகத் திரும்பும். வழியில் உள்ள உலோகத்துக்கும் மின்தடை உண்டு. அந்தத் தடையைக் கடக்க மின்னழுத்தத்தில் ஒரு பங்கு செலவாகும். இதை மின்னழுத்த இழப்பு என்கிறோம்.

என் மாணவன் அளந்தபோது பாதையில் ரயில் இல்லை. ரயில் இல்லாவிட்டால் சுற்று முழுமை பெறாது. மல்டிமீட்டர் எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் மிக மிகச் சிறியது, ஏறக்குறைய சுழியம். மின்னோட்டம் சுழியம் என்றால், மின்தடை எவ்வளவு இருந்தாலும் பெருக்குத்தொகை சுழியம்தான். எனவே இழப்பும் இல்லை. கடைசி முனையில் 12 வோல்ட் காட்டியதில் வியப்பில்லை.

குழாயை மூடி வைத்துவிட்டு நீரழுத்தம் பார்ப்பது போன்றது இது. குழாயைத் திறந்து நீர் ஓடும்போதுதான் எங்கே அடைப்பு என்று தெரியும்.

விளக்கை வைத்து ஒரு சோதனை

மறுநாள் அவன் வீட்டில் சோதனையைத் திரும்பச் செய்தோம். காரின் எண்பலகைக்கு ஒளி தரும் 12 வோல்ட், 5 வாட் விளக்கு ஒன்றை எடுத்துக்கொண்டோம். ஓடும் ரயிலைத் துரத்தி அளப்பதைவிட ஒரே இடத்தில் எரியும் விளக்கை வைத்து அளப்பது எளிது. கன்ட்ரோலரை 12 வோல்ட்டில் வைத்து, விளக்கைப் புதிய பாதையின் கடைசி முனையில் இணைத்தோம். விளக்கு மங்கலாக எரிந்தது. அப்போது எடுத்த அளவுகள் இவை:

கன்ட்ரோலர் முனையில்: 12 வோல்ட்
விளக்கின் முனைகளில்: 9.2 வோல்ட்
விளக்கு வழியே ஓடிய மின்னோட்டம்: 0.36 ஆம்பியர்

12 வோல்ட்டில் 2.8 வோல்ட் வழியிலேயே போய்விட்டது. வழியின் மின்தடையைக் கணக்கிடலாம்:

2.8 ÷ 0.36 = சுமார் 7.8 ஓம்

மோட்டாருக்குப் போய்ச் சேர வேண்டிய மின்னழுத்தத்தில் ஏறக்குறைய கால் பங்கு வழியில் கரைந்தால், என்ஜின் தள்ளாடத்தானே செய்யும்? என்ஜின் மேல் குற்றமில்லை என்பது மாணவனுக்கு அப்போதே புரிந்துவிட்டது.

7.8 ஓம் எங்கே ஒளிந்திருக்கிறது?

முதலில் தண்டவாளத்தைச் சந்தேகித்தோம். மாதிரி ரயில் தண்டவாளங்கள் பெரும்பாலும் நிக்கல் சில்வர் என்ற உலோகக் கலவையால் ஆனவை. பெயரில் வெள்ளி இருந்தாலும் அதில் வெள்ளி கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த கலவை அது. செம்பைவிட அதன் மின்தடைத் திறன் 15 மடங்குக்கும் அதிகம். அவனிடம் இருந்த தண்டவாளத்தின் பருமனுக்கு, மீட்டருக்குச் சுமார் 0.1 ஓம் வரும். போக 4 மீட்டர், வர 4 மீட்டர், ஆக 8 மீட்டருக்கு 0.8 ஓம்தான். மீதி 7 ஓம் எங்கே?

துண்டுகள் சேரும் இடங்களில்தான். ஒரு துண்டை அடுத்த துண்டோடு பிடித்துக்கொள்ளும் சிறிய உலோக இணைப்புத் தகடுகள் அங்கே இருக்கின்றன. ஒரு தண்டவாளத்துக்கு 20, இரண்டுக்கும் சேர்த்து 40 இணைப்புகள். எல்லாம் தொடர் இணைப்பில் இருப்பதால் எல்லாவற்றிலும் ஒரே அளவு மின்னோட்டம்தான் ஓடும். ஆகவே எந்த இணைப்பில் மின்னழுத்த இழப்பு அதிகமோ, அந்த இணைப்பில்தான் மின்தடையும் அதிகம்.

விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே மல்டிமீட்டரின் இரு முனைகளையும் ஒவ்வோர் இணைப்பின் இரு பக்கமும் வைத்துப் பார்த்தோம். 38 இணைப்புகளில் சுமார் 0.02 வோல்ட் மட்டுமே. இரண்டில் மட்டும் தலா 0.9 வோல்ட்! 0.9-ஐ 0.36-ஆல் வகுத்தால் 2.5 ஓம். அந்த இரண்டு இணைப்புகள் மட்டுமே 5 ஓம் தடையைத் தந்தன.

அந்த இரண்டும் பழைய மேசையும் புதிய பலகையும் சந்திக்கும் இடத்தில் இருந்தன. இரண்டு பலகைகளையும் ஒன்றோடொன்று திருகாணியால் இறுக்கவில்லை. யாராவது மேசையில் சாய்ந்தால்கூட அந்த இடம் அசையும். அசைந்து அசைந்து தகடுகள் தளர்ந்து, உலோகமும் உலோகமும் சரியாகத் தொடாமல் போயிருந்தன.

தீர்வு: பலகைக்கு அடியில் இரண்டு கம்பிகள்

தளர்ந்த தகடுகளை மாற்றிவிட்டாலே போதுமே என்று நினைப்பீர்கள். இன்றைக்குப் போதும். ஆனால் நம் நாட்டின் ஈரக் காற்றில் மரப்பலகை உப்பும், சுருங்கும். உலோகத்தின் மேல் அழுக்கும் படியும். நாளை வேறோர் இணைப்பு தளரலாம். தொடர் இணைப்பில் ஒன்று கெட்டாலும் அதற்கு அப்பால் உள்ள பாதை முழுவதும் பாதிக்கப்படும்.

மாதிரி ரயில் தளம் அமைப்பதில் அனுபவம் உள்ளவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பலகைக்கு அடியில், பாதையின் முழு நீளத்துக்கும் இரண்டு தடித்த செம்புக் கம்பிகளை ஓட்டுவார்கள். ஏறக்குறைய ஒவ்வொரு மீட்டருக்கும் ஓர் இடத்தில், மெல்லிய கம்பிகளால் அவற்றை மேலே உள்ள தண்டவாளங்களோடு பற்றவைப்பார்கள். மின்னோட்டம் இப்போது இணைப்புத் தகடுகளை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. தண்டவாளமும் செம்புக் கம்பியும் பக்க இணைப்பில் இருப்பதால், தடை குறைந்த கம்பி வழியே பெரும்பகுதி மின்னோட்டம் போய்விடும்.

1.5 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள செம்புக் கம்பியின் மின்தடை மீட்டருக்குச் சுமார் 0.011 ஓம். போக, வர 8 மீட்டருக்கு 0.09 ஓம் மட்டுமே. முன்பிருந்த 7.8 ஓமோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வேலையை முடித்து விளக்கை மீண்டும் கடைசி முனையில் வைத்தோம். 11.9 வோல்ட். பிறகு பழைய என்ஜினை ஓடவிட்டோம். நான்கு பெட்டிகளை இழுத்துக்கொண்டு கடைசி நிலையம் வரை ஒரே சீராகப் போய் நின்றது. அங்பாவ் பணம் அவன் உண்டியலிலேயே இருக்கிறது.

உண்மையான ரயிலுக்கும் இதே கணக்குதான்

4 மீட்டரில் வந்த தொல்லை, பல கிலோமீட்டர் ஓடும் ரயிலுக்கு வராதா? வரும். சிங்கப்பூர் எம்ஆர்டியின் வடக்கு-தெற்குப் பாதையில் ரயில்கள் மூன்றாம் தண்டவாளத்திலிருந்து 750 வோல்ட் நேர்மின்சாரம் பெறுகின்றன. நம் கேடிஎம் மின்ரயில்கள் தலைக்கு மேல் உள்ள கம்பியிலிருந்து 25,000 வோல்ட் மாறுமின்சாரம் பெறுகின்றன.

ஒரு ரயிலுக்கு 10 லட்சம் வாட் திறன் தேவை என்று வைத்துக்கொள்வோம். திறனை மின்னழுத்தத்தால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும். 750 வோல்ட்டில் சுமார் 1,333 ஆம்பியர். 25,000 வோல்ட்டில் 40 ஆம்பியர். மின்னோட்டம் அதிகமானால் வழியில் இழப்பும் அதிகம். அதனால்தான் 750 வோல்ட் பாதைகளில் சில கிலோமீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் துணை மின்நிலையங்கள் தேவைப்படுகின்றன. 25,000 வோல்ட் பாதையில் அவற்றை வெகு தொலைவு தள்ளித் தள்ளி அமைக்கலாம். என் மாணவன் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு கம்பி இணைத்ததும் இதே காரணத்துக்காகத்தான்.

செய்யுமுன் கவனிக்க

• கன்ட்ரோலரின் 12 வோல்ட் பக்கத்தில் மட்டுமே வேலை செய்யுங்கள். சுவர்ச் சொருகியோடு சேரும் பகுதியைத் திறக்கவே கூடாது.

• கம்பி இணைக்கும்போது கன்ட்ரோலரை நிறுத்தி, சொருகியையும் பிடுங்கிவிடுங்கள்.

• ஒரு தண்டவாளத்துக்குச் சிவப்புக் கம்பி, மற்றதற்குக் கறுப்பு என்று முடிவு செய்து கடைசி வரை மாற்றாதீர்கள். ஓர் இடத்தில் மாறினாலும் குறுக்குச் சுற்று ஏற்படும்.

• பற்றவைக்கும்போது பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும். எரியும் விளக்கும் சூடாக இருக்கும், கையால் தொடாதீர்கள்.

• மின்னோட்டத்தை அளக்கும்போது மல்டிமீட்டரை விளக்கோடு தொடர் இணைப்பில் வையுங்கள். இரு தண்டவாளங்களுக்கும் குறுக்கே வைத்தால் கருவி பழுதாகும்.

விடை காணுங்கள்

1. மேற்கண்ட சோதனையில் 7.8 ஓம் தடையில் ஒவ்வொரு விநாடியும் எத்தனை ஜூல் ஆற்றல் வெப்பமாக வீணானது? (திறன் = மின்னோட்டம் × மின்னோட்டம் × மின்தடை)

2. வீட்டில் நீளமான, மெல்லிய நீட்டிப்புக் கம்பியில் மின்கெண்டி ஒன்றை இணைக்கிறீர்கள். மின்னோட்டம் 8 ஆம்பியர், கம்பியின் மொத்த மின்தடை 0.5 ஓம். கம்பியில் எத்தனை வாட் வெப்பம் உண்டாகும்? கம்பியைச் சுருட்டி வைத்தே பயன்படுத்தினால் என்ன ஆபத்து?

3. ஒரு பொருள் வேலை செய்யவில்லை என்றால், அது வேலை செய்யும் நிலையில் வைத்துத்தான் அளக்க வேண்டும். இதற்கு உங்கள் வீட்டிலிருந்து வேறோர் எடுத்துக்காட்டு சொல்ல முடியுமா?