சென்னைக்கு லோடு ஏற்றும் தம்பிக்கு

தம்பி, திருச்சியிலிருந்து வண்டலூர் வரை நீ ஓட்டிவரும் நேரத்தைவிட, அதற்கப்புறம் துறைமுக வாசலில் நிற்கும் நேரம் சில நாள் கூடுதலாகிவிடும். மாதவரத்தில் லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதுகிற உன் அக்கா சொல்கிறேன்: சென்னையில் சம்பாத்தியம் கரைவதும் உடம்பு கெடுவதும் வண்டி நிற்கும்போதுதான். அதனால் ஓட்டுவதைப் பற்றிக் கொஞ்சம், நிற்பதைப் பற்றி நிறைய சொல்கிறேன்.

ஊருக்குள் நுழையாமல் முடியுமென்றால் நுழையாதே. எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கோ காட்டுப்பள்ளிக்கோ லோடு என்றால் வண்டலூரிலேயே வெளிவட்டச் சாலையில் ஏறிவிடு. பெங்களூர் பக்கமிருந்து வந்தால் நசரத்பேட்டையில். அந்தச் சாலை மொத்தமே சுமார் 62 கிலோமீட்டர், மீஞ்சூரில் கொண்டுபோய் விடும். சுங்கம் கட்ட யோசிக்கும் முதலாளிக்கு, மதுரவாயல் நெரிசலில் வீணாகும் டீசலைக் கணக்குப் போட்டுக் காட்டு. ஊருக்குள்தான் இறக்க வேண்டுமென்றால், அந்தச் சாலையில் கனரக வண்டிக்கு எந்த நேரம் அனுமதி என்று கிளம்பும் முன்பே சரக்கு வாங்குபவரிடம் கேள். செல்போன் மேப் காருக்கு வழி சொல்லும். உன் வண்டியின் உயரம் அதற்குத் தெரியாது. சுரங்கப்பாதை வாசலில் தொங்கும் உயரப் பலகையைப் பார்க்காமல் மூக்கை நுழைக்காதே.

இனி நிற்பது. ஏற்றுமதி கன்டெய்னர் லோடு என்றால், துறைமுகத்துக்குள் விடும் அனுமதிச் சீட்டான ஃபார்ம் 13 கைக்கு வராமல் வரிசையில் போய் நிற்காதே. கம்பெனி கேட்டுக்குள் போனதும் எல்.ஆர். (லாரி ரசீது) காப்பியில் வந்த நேரத்தை எழுதி, கையெழுத்தும் சீலும் வாங்கு. இறக்கி முடித்ததும் அதேபோல இன்னொரு தடவை. அங்கேயே போட்டோ எடுத்து ஆபீஸுக்கு அனுப்பிவிடு. வண்டி காத்து நின்றதற்கான ஹால்டிங் காசு கேட்டு எங்களிடம் வரும் டிரைவர்களில் பாதிப் பேர் வாய்வார்த்தையைத்தான் கொண்டுவருகிறார்கள். எழுத்து இல்லாவிட்டால் யாரிடம் போய்க் கேட்க முடியும்? ஹால்டிங் வந்தால் அதில் உன் பங்கு எவ்வளவு என்பதையும் வேலைக்குச் சேரும்போதே பேசிவிடு, பேட்டாவோடு சேர்த்து.

வரிசையில் நிற்கும்போது இ-வே பில்லையும் பார். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பதுதான் அது செல்லுபடியாகும் கணக்கு. தூரம் குறைவாக இருந்தும் நெரிசலில் நாள் முடிந்துபோகும். காலாவதிக்கு முன் 8 மணி நேரம், பின் 8 மணி நேரத்துக்குள் அதை நீட்டித்துக்கொள்ளலாம். உடனே ஆபீஸுக்குப் போன் போடு. செக்கிங்கில் மாட்டியபின் போடாதே.

இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். லாரிக்கு அடியில் படுக்காதே, கிளீனர் பையனையும் படுக்க விடாதே. வெயிலுக்கு நிழல் அங்கேதான் இருக்கும், எனக்கும் தெரியும். ஆனால் வரிசை நகர்ந்தால் அடியில் ஆள் இருப்பது யாருக்கும் தெரியாது. இருட்டில் சாலையோரம் நிறுத்தினால் பார்க்கிங் லைட் எரியட்டும், பின்னால் ஒளிரும் ஸ்டிக்கர் மேல் சேறு இருந்தால் துடை. சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கல்லைக் கிளம்பும்போது எடுத்து ஓரமாகப் போடு. அந்தக் கல்லில் ஏறி விழுகிற பைக்காரனும் ஒரு வீட்டுப் பிள்ளை. சிக்னலில் நின்று எடுக்கும்போது பம்பருக்கு முன்னாலும் இடப்பக்கமும் ஸ்கூட்டர் புகுந்திருக்கும். உன் சீட்டிலிருந்து அது கண்ணில் படாது. கண்ணாடியைப் பார்த்து, கிளீனரைக் கேட்டு, அப்புறம் கிளட்ச்சை விடு.

சிறுநீரை அடக்காதே, தண்ணீரைக் குறைக்காதே. ராத்திரி புரோட்டாவுக்குப் பதில் இட்லி கிடைத்தால் இட்லி சாப்பிடு.

தூக்கம் வேறு விஷயம். இப்போது புதிதாகத் தயாராகும் லாரிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயம், உன்னுடையது பழைய வண்டி, பகல் தூக்கம் கேபினுக்குள் வேகும். முறையான லாரி நிலையத்தில் நிறுத்தி, நிழலில் பாய் விரித்துப் படு. 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8 மணி நேர வேலை, 5 மணி நேரத்துக்குப் பிறகு அரை மணி ஓய்வு என்றுதான் சொன்னது. நடைமுறை அப்படியில்லை என்பது ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரியாததா? அது தப்பு என்றே சொல்வேன். விடிய விடிய வரிசையில் நின்ற உன்னிடம் "உடனே அடுத்த டிரிப் எடு" என்று யார் சொன்னாலும், "தூங்கி எழுந்துதான் எடுப்பேன் அண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனைக் கீழே வை. லோடு காத்திருக்கும்.

இன்னொன்று தம்பி. அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியத்தில் நீ இன்னும் பதியவில்லை. அடுத்த முறை ஊருக்கு வரும்போது லைசென்ஸ், ஆதாரோடு போய்ப் பதிந்துவிட்டு, கார்டை அம்மா கையில் கொடுத்துவிட்டு வண்டி ஏறு.