சாலம் பஞ்சா: அடையாளமும் வாழிடமும்

ஆர்க்கிடு என்றவுடன் மரக்கிளைகளில் தொற்றி வளரும் செடிகளே பலருக்கும் நினைவிற்கு வருகின்றன. ஆயினும், நிலத்தில் வேரூன்றி, நீர் ஊறும் புல்வெளிகளில் வளரும் இனங்களும் நம் நாட்டில் உண்டு. அவற்றுள் ஒன்று டாக்டிலோரைசா ஹடாகிரியா. இமயமலை மக்கள் இதனைச் சாலம் பஞ்சா என வழங்குவர். 1825-ஆம் ஆண்டில் டேவிட் டான் இதனை ஆர்க்கிஸ் பேரினத்தில் வைத்து விவரித்தார். 1962-இல் இது இப்போதைய பேரினத்திற்கு மாற்றப்பட்டது.

வாழிடம்: ஏறத்தாழ 2,500 மீட்டருக்கு மேல், பனி உருகி நீர் கசியும் சரிவுகள், ஓடைக்கரைகள், ஈரப் புல்வெளிகள் ஆகியவற்றில் இச்செடி வளர்கிறது. உத்தரகண்டின் மலர்ப் பள்ளத்தாக்கிலும் இதனைக் காணலாம். ஜூன், ஜூலை மாதங்கள் பூக்கும் பருவமாகும்.

அடையாளம்: தண்டு நிமிர்ந்து, பெரும்பாலும் 30 முதல் 60 சென்டிமீட்டர் உயரம் வளரும். இலைகள் ஈட்டி வடிவின. தண்டின் நுனியில் இளஞ்சிவப்பு அல்லது ஊதா நிறப் பூக்கள் கதிராக நெருங்கி அமைந்திருக்கும். கீழ்ப் பூக்களின் அடிச்செதில்கள் பூக்களைவிட நீண்டு வெளியே தோன்றும். பூவின் கீழிதழில் கரும் ஊதாப் புள்ளிகள் இருக்கும். அதன் பின்புறம் ஒரு தடித்த குழல் வால்போல் வளைந்து நீளும்.

இதனோடு மயங்கத்தக்கவை இரண்டு. சட்டீரியம் நேபாலென்சி என்னும் செடியின் பூவில் அகன்ற இதழ் மேற்புறம் கவிந்திருக்கும், வால்களும் இரண்டு. இது நீலகிரியிலும் வளர்வதால் தமிழ்நாட்டு ஆசிரியர்கள் அறிந்திருக்கக்கூடும். ஜிம்னடீனியா ஆர்க்கிடிஸ் என்பதன் பூக்கள் சிறியவை, கீழிதழில் புள்ளிகள் இல்லை, வால் மெலிந்தது.

விரல்கள்போல் பிரிந்த கிழங்கே சாலம் பஞ்சாவின் பெயருக்குக் காரணம். ஆயினும், அடையாளம் காண்பதற்காகக் கிழங்கைத் தோண்டலாகாது. ஜிம்னடீனியாவின் கிழங்கும் அவ்வாறே பிரிந்திருப்பதால் அச்சோதனை பயன் தராது, செடியோ மடிந்துவிடும். மருந்துக்காகக் கிழங்குகளை அகழ்ந்தெடுத்ததனாலேயே இவ்வினம் பல இடங்களில் அருகிவிட்டது. தூசிபோன்ற இதன் விதைகளில் சேமிப்புணவு இல்லை. மண்ணிலுள்ள பூஞ்சையின் துணையின்றி அவை இயற்கையில் முளைத்து வளர்வதில்லை. ஆதலின், இழந்த செடிகளின் இடம் விரைவில் நிரம்பாது. பன்னாட்டு வாணிகத்தை முறைப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இவ்வினம் அடங்கும்.

களப்பணியாளர் தேதி, உயரம், நீரின் நிலை, பூத்த செடிகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்து, பூவை முன்னும் பக்கவாட்டிலும் படமெடுத்தல் போதுமானது. ஆசிரியர்கள் மாணவர்களைச் சேற்றுநிலத்தின் ஓரத்திலேயே நிறுத்திக் காட்டுதல் நலம். பூக்காத இளஞ்செடிகள் புல்லிடையே மறைந்திருக்கும்.