கோழியைத் தூக்கியது யார்? தடயம் பார்த்துத் தடுக்கும் வழி

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் வீட்டுக்கு நான்கு கோழியாவது இல்லாத கிராமத்தைக் காண்பது அரிது. கொல்லையில் மேய்ந்து, களத்தில் சிந்திய தானியத்தைப் பொறுக்கி, அதிகச் செலவில்லாமல் வளரும் இந்தக் கோழிகள் வீட்டுப் பெண்களின் கைச்செலவுக்கு ஆதாரம். பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம், பண்டிகைக்குத் துணி, திடீரென்று வரும் ஆஸ்பத்திரிச் செலவு என்று எதுவானாலும் இரண்டு பெட்டையை விற்றுச் சமாளிக்கும் குடும்பங்கள் பல. அப்படியிருக்க, ஒரே இரவில் ஐந்தாறு உருப்படி போய்விட்டால் அது சின்ன நஷ்டமல்ல.

நஷ்டம் நேர்ந்தவுடன் பெரும்பாலோர் செய்யும் தவறு, கண்ணில் பட்ட பிராணியின்மேல் பழியைப் போடுவதுதான். சில ஆண்டுகளுக்கு முன் திண்டிவனத்துக்கு மேற்கே ஒரு சிற்றூரில் ஓர் அம்மாளின் வீட்டில் ஒரு வாரத்தில் பதினோரு குஞ்சுகள் காணாமற் போயின. கிளுவை வேலியில் கீரி ஓடியதை அண்டை வீட்டார் பார்த்திருந்தார்கள். கீரிதான் என்று முடிவு கட்டி, குருணை மருந்தைக் கறித்துண்டில் கலந்து வேலியோரம் வைத்துவிட்டார்கள். மறுநாள் செத்தது அவர்கள் வளர்த்த நாய். குஞ்சுகள் குறைவது மட்டும் நிற்கவில்லை. நான் போய்ப் பார்த்தபோது மிச்சமிருந்த குஞ்சுகளில் இரண்டுக்குக் கால்விரல் கடிபட்டிருந்தது. கூண்டின் மண்சுவர் அடியில் கை நுழையும் அளவுக்கு இரண்டு வளைகள். தூக்கியது பெருச்சாளி. அந்தப் பெருச்சாளியைத் தேடித்தான் கீரி வேலிப்பக்கம் வந்திருக்க வேண்டும். வளையை அடைத்து, கூண்டைத் தரையிலிருந்து தூக்கி வைத்த பிறகு தொல்லை ஒழிந்தது. நாய் போனது போனதுதான்.

ஆகவே, தடுப்பு வேலையைத் தொடங்குமுன் திருடன் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு மூன்று கேள்விகள் போதும். எந்த நேரத்தில் போயிற்று? எதை விட்டுவிட்டுப் போயிற்று? எந்த வழியாக வந்தது?

தடயங்கள்

பட்டப்பகலில் ஒவ்வொன்றாகக் குஞ்சு குறைந்து, கீழே ஒரு தடயமும் இல்லையென்றால் மேலே பார்க்க வேண்டும். கரும்பருந்தும் செம்பருந்தும் வானில் வட்டமிட்டு இறங்கும். வைரி என்ற சிறு வேட்டைப் பறவை வேறு மாதிரி. வேலியை ஒட்டித் தாழ்வாகப் பறந்து வந்து, ஆள் பக்கத்தில் இருந்தாலும் ஒரே பாய்ச்சலில் அடித்துக்கொண்டு போய்விடும். தை முதல் பங்குனி வரை இவை தம் கூட்டில் உள்ள குஞ்சுகளுக்கு இரை தேடும் காலமாதலால் தொல்லை அதிகம். காகம் முதல் சில நாள் குஞ்சுகளையும் முட்டையையும்தான் எடுக்கும். அதற்குமேல் வளர்ந்த குஞ்சிடம் அதன் ஜம்பம் சாயாது.

கீரி பகலில் நடமாடும் பிராணி. வீட்டார் வயலுக்குப் போன காலை வேளையிலும், திரும்புவதற்கு முந்திய மாலையிலும் அது வரும். கழுத்திலோ தலையின் பின்புறத்திலோ கடிக்கும். கூண்டுக்குள் புகுந்துவிட்டால் தின்பதற்கு ஒன்று போதுமென்றாலும் பலவற்றைக் கடித்துப் போட்டுவிடும். கீரி இரத்தத்தை மட்டும் குடித்துவிட்டுப் போய்விடும் என்று சொல்வது, உடலில் கடித்த இடம் தவிர வேறு சேதம் இல்லாததைப் பார்த்து வந்த பேச்சு.

இரவில் வருவனவற்றில் மரநாய் முக்கியமானது. பெயரில்தான் நாய், ஜாதியில் புனுகுப் பூனையின் உறவு. மரத்திலும் ஓட்டுக்கூரையிலும் சுலபமாக ஏறும். கூரை ஓலை பிரிந்திருந்தாலோ, மரக்கிளையில் அடைந்த கோழி காணாமற் போனாலோ இதைச் சந்தேகிக்கலாம். பனம்பழமும் மற்றப் பழங்களும் இதற்குப் பிடித்த உணவாதலால், சுவர்மேல் பழவிதைகள் நிறைந்த எச்சம் கிடக்கும். காட்டுப்பூனை ஏரிக்கோரையிலும் கரும்புத் தோட்டத்திலும் பதுங்கி, அந்தி நேரத்திலும் விடியலிலும் வந்து முழுக் கோழியையும் கவ்விக்கொண்டு போகும். இறகுகள் தோட்டத்துக்குள்ளே கிடைக்கும். நரியும் முழுக் கோழியைத்தான் தூக்கும். போன வழியில் இறகு சிந்திக் கிடக்கும். மரக்காணம், வானூர் பக்கத்துச் சவுக்குத் தோப்புகளை ஒட்டியுள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கோழிகள் பல செத்து, முதுகும் தொடையும் கிழிந்து, இறகு நாலாபுறமும் பறந்து, தின்னாமல் அப்படியே கிடந்தால் அது நாய்களின் வேலை. காட்டுப் பிராணி பசிக்கு வரும். தெருநாய்க் கூட்டம் விளையாட்டுக்கும் கொல்லும். பலகையைப் பிராண்டிய குறியும், வேலியடியில் பறித்த குழியும் இருக்கும். ஏரிக்கரையில் கோழிக்கடைக் கழிவைக் கொட்டும் ஊர்களில் நாய்கள் அந்த ருசிக்குப் பழகிவிடுகின்றன. கோழி நஷ்டத்தில் நாய்களின் பங்கை நாம் குறைவாகவே மதிப்பிடுகிறோம் என்பது என் எண்ணம். நரி என்று சொல்லப்படும் பல சம்பவங்களில் அடித்தடம் நாயுடையதாகவே இருக்கிறது. தெருநாய் கடித்து இறக்கும் ஆடு, மாடு, கோழிகளுக்கு இழப்பீடு வழங்குவதாக 2025ஆம் ஆண்டில் தமிழக அரசு அறிவித்தது. ஆதலால் செத்த கோழிகளைப் புதைக்குமுன் கால்நடை மருத்துவரிடம் காட்டிச் சான்று வாங்கிக்கொள்வது நல்லது.

முட்டை போவதிலும் அடையாளம் உண்டு. ஓடு உடைந்து சிதறிக் கிடந்தால் கீரி. ஒரு பக்கம் கொத்தித் துளையிட்டிருந்தால் காகம். ஓடே இல்லாமல் மறைந்தால் பாம்பு அல்லது உடும்பு. கோழியின் அலகில் மஞ்சள் கரு ஒட்டியிருந்தால் திருடி வீட்டுக்குள்ளேயே இருக்கிறாள் என்று பொருள்! அந்தக் கோழிக்குக் கிளிஞ்சல் தூள் கொடுத்து, முட்டையை உடனுக்குடன் எடுத்துவிட வேண்டும்.

கதவு முறையாகத் திறக்கப்பட்டு, ஓர் இறகுகூட விழாமல் கொழுத்த சேவல் மட்டும் போயிருந்தால் அது இரண்டு கால் நரி. அதற்குப் பூட்டைத் தவிர வேறு மருந்து இல்லை.

சாம்பல் சோதனை

சந்தேகம் தீராவிட்டால், மாலையில் கோழிகளை அடைத்த பின் கூண்டைச் சுற்றி இரண்டு முழ அகலத்துக்குச் சலித்த சாம்பலையோ நைஸ் மணலையோ மெல்லியதாகத் தூவி வைக்க வேண்டும். விடிந்ததும் கோழிகளைத் திறந்து விடுமுன் பார்க்க வேண்டும். நான்கு விரலும் நகக்குறியும் தெரிந்தால் நாய் அல்லது நரி. நரியின் அடி குறுகலாக நீண்டிருக்கும். நான்கு விரல் இருந்து நகக்குறி இல்லாமல் வட்டமாக இருந்தால் பூனை இனம். ஐந்து விரல் பதிந்திருந்தால் கீரி அல்லது மரநாய். இரவில் தூவிய சாம்பலில் பதிந்தது பெரும்பாலும் மரநாயாகவே இருக்கும். வளைந்த கோடு பாம்பு. இரண்டு மூன்று இரவுகள் இப்படிச் செய்தால் யார் என்பதோடு எந்தப் பக்கமாக வருகிறது என்பதும் தெரிந்துவிடும்.

உடலில் காயமே இல்லாமல் கோழிகள் அடுத்தடுத்துச் செத்தால் பிராணியைத் தேட வேண்டாம். வெள்ளைக் கழிச்சல் என்னும் இராணிக்கெட் நோயாக இருக்கலாம். நோயில் துவண்ட கோழியைத்தான் கீரியும் காகமும் முதலில் பிடிக்கும். அதைப் பார்த்துவிட்டு நோயைக் கவனிக்காமல் விட்டால் மந்தையே போய்விடும். கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. அதைத் தவறவிடக் கூடாது.

அடைகாக்கும் கோழி ஒன்றுமட்டும் காயமின்றிச் செத்துக் கிடந்தால் நல்லபாம்பை நினைத்துக்கொள்ள வேண்டும். முட்டைக்கும், கூண்டைச் சுற்றியுள்ள எலிக்கும் அது வருகிறது. விடியற்காலை இருட்டில் முட்டை எடுக்கக் கூண்டுக்குள் கையை விட்டுத் துழாவுவது நம் வீடுகளில் வெகு சாதாரணமாக நடக்கிறது. இதைக் குழந்தைகளிடம் கண்டிப்பாகச் செய்ய விடக் கூடாது. டார்ச் விளக்கு அடித்துப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். கடித்துவிட்டால் மந்திரத்துக்கு ஓடாமல், திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கோ முண்டியம்பாக்கத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ உடனே கொண்டு செல்ல வேண்டும். கூண்டில் பாம்பைக் கண்டால் தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னால் வந்து பிடித்துச் செல்வார்கள்.

கூண்டு அமைப்பு

இரவில் வரும் எல்லாத் திருடர்களுக்கும் ஒரே பதில் நல்ல கூண்டுதான். பத்துப் பெரிய கோழிகள் இரவு தங்க 4 அடி நீளம், 3 அடி அகலம் போதும். தரையிலிருந்து 2 அடி உயரத்தில் நான்கு கால்கள்மேல் நிற்க வேண்டும். தளத்துக்குப் பலகை அல்லது நெருக்கமாக அடித்த மூங்கில் பட்டை. கால்களின் நடுவில் பழைய எண்ணெய் டின் தகரத்தை வெட்டிக் கவிழ்த்த குடைபோல் ஆணியடித்துவிட்டால் எலியும் பெருச்சாளியும் ஏறாது. சுவரை ஒட்டியோ, மரக்கிளைக்கு அடியிலோ கூண்டை வைக்கக் கூடாது. அது மரநாய்க்கு ஏணி வைத்துக் கொடுப்பதாகும்.

வலை வாங்கும்போது பலரும் ஏமாறுகிறார்கள். இரண்டு அங்குலக் கண்ணுள்ள சங்கிலி வலை ஆட்டுக்குச் சரி. அதில் பெருச்சாளி நுழையும், வெளியே நீட்டிய கோழியின் தலையை கீரி கடிக்கும். மெல்லிய அறுகோணக் கோழி வலை கோழியை உள்ளே வைக்குமே தவிர நாயை வெளியே வைக்காது. அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் சற்று விலை அதிகம். எனினும் காற்றுக்காக விடும் பக்கங்களில் மட்டும் அடிப்பதால் தேவை கொஞ்சம்தான். ஓலைக் கூரையானால் ஓலைக்கு அடியிலும் அதே வலையை விரிக்க வேண்டும். தரையில் கட்டிய கூடமானால் வலையை மண்ணுக்குள் 1 அடி இறக்கி, வெளிப்புறமாக மடித்து மூடினால் குழி பறிக்கும் நாயும் நரியும் வலையில் முட்டித் திரும்பும். கதவுக்குக் கயிறு போதாது, தாழ்ப்பாள் வேண்டும்.

இவ்வளவும் செய்தாலும் அந்தி சாயுமுன் அடைக்கும் பழக்கம் இல்லையானால் பயனில்லை. புளியமரத்திலும் வைக்கோல் போரிலும் அடையும் கோழிகளை, மாலையில் கூண்டுக்குள்ளேயே கைப்பிடி தானியம் போட்டு அழைத்தால் பத்து நாளில் தாமாகவே வரப் பழகிவிடும்.

தாயில்லாக் குஞ்சுகள்

பகலில் குஞ்சுக்கு முதல் காவல் தாய்க்கோழிதான். அது எழுப்பும் ஓர் ஒலிக்குக் குஞ்சுகள் அனைத்தும் இறக்கையடியில் ஒடுங்கும். சண்டை இரத்தமுள்ள பெருவிடைக் கோழி பருந்தையே எதிர்த்துப் பாயும். இப்போது பலர் பொரிப்பகத்தில் பிறந்து விளக்குச் சூட்டில் வளர்ந்த குஞ்சுகளை வாங்கி நேரே கொல்லையில் விடுகிறார்கள். அரசின் திட்டங்களில் பெண்களுக்குத் தரப்படும் நான்கு வாரக் குஞ்சுகளும் இப்படிப்பட்டவையே. இவை நிழல் விழுந்தால் ஓடத் தெரியாமல் நின்று பார்க்கும். வளர்ப்பவர் இதை அறியாததால் முதல் பதினைந்து நாளிலேயே நஷ்டப்படுகிறார். இரண்டு மாத வயது வரை வலைக்குள் மேயவிட்டு, நடுவில் ஓரிரு பெரிய கோழிகளைச் சேர்த்துவிட்டால் அவற்றைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும்.

மேல்வலைக்குப் பழைய மீன்வலை போதும். கடற்கரை ஊர்களில் மலிவாகக் கிடைக்கும். ஆள் நிமிர்ந்து நடக்குமளவு உயரத்தில் கட்ட வேண்டும். ஓரங்கள் தரையில் புரளவிட்டால் பாம்பு சிக்கிக்கொள்ளும். அதை விடுவிக்கப் போய்த் தாங்கள் கடிபட வேண்டாம். வேலியோரம் அகத்தி, முருங்கை இருந்தால் கோழிகள் ஓடி ஒளிய இடமாகும். மின்னும் குறுந்தட்டு, சிவப்புத் துணி, சோளக்கொல்லைப் பொம்மை எல்லாம் சில நாளைக்குத்தான். இடத்தை அடிக்கடி மாற்றாவிட்டால் காகம் அதன் தலையிலேயே வந்து உட்காரும். இரண்டு கினிக்கோழிகளைச் சேர்த்து வளர்த்தால் புதிதாக எது வந்தாலும் கத்தித் தீர்த்துவிடும். அண்டை வீட்டார் பொறுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

விஷமும் மின்சாரமும் வேண்டாம்

கீரி, நரி, காட்டுப்பூனை, மரநாய், உடும்பு, பருந்து அனைத்தும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை. கொன்றால் சிறையும் அபராதமும் உண்டு. விஷ உணவு யாரைக் கொல்லும் என்பது வைத்தவருக்கே தெரியாது. நாய், மயில், பக்கத்து வீட்டு ஆடு, சில சமயம் குழந்தை. வேலியில் திருட்டு மின்சாரம் பாய்ச்சுவது இன்னும் கொடிது; இரவில் மடை திருப்பப் போகும் மனிதர்களே அதில் சாகிறார்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. நம் பகுதி மணிலாப் பகுதி. காய் பிடிக்கும் சமயம் வயலில் எலி பெருகுவதும், வரப்பெல்லாம் வளையாவதும் திண்டிவனத்து விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கீரியும் நரியும் காட்டுப்பூனையும் சாரைப்பாம்பும் ஆண்டு முழுவதும் தின்பது முக்கியமாக இந்த எலிகளைத்தான். ஒரு கோழிக்காகக் கீரியைக் கொன்றவர் அடுத்த பட்டத்தில் மூட்டைக்கணக்கில் இழக்க நேரும்.

முண்டியம்பாக்கம், பெரியசெவலை ஆலைகளுக்குக் கரும்பு வெட்டத் தொடங்கும் மாதங்களில், தோட்டத்தில் மறைந்திருந்த பிராணிகள் இடமிழந்து ஊர்ப்பக்கம் ஒதுங்கும். பக்கத்துக் கரும்புக்கு வெட்டு உத்தரவு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டவுடன் கூண்டின் வலை, தாழ்ப்பாள், கூரை மூன்றையும் ஒருமுறை சோதித்துச் சரி செய்துகொள்ள வேண்டும். செத்த கோழியையும் குடலையும் வெளியே எறியாமல் 2 அடி ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். பகலில் தள்ளாடி வரும் நாயோ நரியோ கடித்துவிட்டால், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால்மணி நேரம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.