தொற்றுக்காலத்தில் பாடசாலை விளையாட்டு: நிறுத்துவதா, நடத்துவதா?

2020 மார்ச் 12, வியாழக்கிழமை. அப்போது நான் தரம் 9 மாணவி. இல்ல விளையாட்டுப் போட்டிக்கு இன்னும் ஒரு வாரமே இருந்தது. பாடசாலை விட்ட பின்னர் நாங்கள் நால்வரும் மைதானத்தில் நின்று, 4×100 மீற்றர் அஞ்சல் ஓட்டத்துக்குக் கோல் மாற்றப் பழகிக்கொண்டிருந்தோம். நான் இரண்டாவது ஓட்டக்காரி. எனக்குக் கோல் தருபவள் எங்கள் இல்லத்திலேயே மிக வேகமாக ஓடுபவள். அவளது கை எப்போது நீளும் என்பது திரும்பிப் பாராமலே எனக்குத் தெரியும்.

நாட்டின் பாடசாலைகள் யாவும் மறுநாள் முதல் ஏப்ரல் 20 வரை மூடப்படும் என்ற அறிவித்தல் அன்றுதான் வந்தது. "நோம்புக்கு முந்தி தொறந்துருவாங்க. வந்து ஓடுவோம்" என்று அவள் தொலைபேசியில் சொன்னாள்.

அந்தப் போட்டி நடக்கவேயில்லை. 2021இலும் 2022இலும் எங்களுக்கு இல்ல விளையாட்டுப் போட்டி இருக்கவில்லை. 2023இல் மீண்டும் நடைபெற்றபோது எனக்குக் கோல் தந்தது வேறொருத்தி.

தொற்றுக்காலத்தில் பாடசாலை விளையாட்டை நடத்தலாமா, கூடாதா என்ற கேள்வியை அதன் பின்னரே நான் ஆழமாக யோசித்தேன். இன்று உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மாணவியாக, வாசித்தவற்றையும் கண்டவற்றையும் வைத்து இக்கட்டுரையை எழுதுகிறேன். கொவிட் முடிந்த கதையாக இருக்கலாம். ஆயினும் இன்னொரு தொற்று வராது என்று எவராலும் சொல்ல முடியாது.

நிறுத்த வேண்டும் என்பாரின் நியாயம்

எங்கள் வீட்டில் உம்மும்மா இருக்கிறார். அவருக்குச் சீனி வருத்தமும் முட்டும் உண்டு. "புள்ள ஓடிட்டு வந்து உம்மும்மாட பக்கத்துலதானே உக்காருவா" என்று வாப்பா அன்று சொன்னதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. விளையாடும் பிள்ளைக்கு நோய் இலேசாக வந்து போகலாம். அவள் வீட்டுக்குக் கொண்டுவரும் நோய் இன்னொருவரின் உயிரைப் பறிக்கலாம்.

எங்கள் பகுதிக்கு அந்த அச்சம் வெகு சீக்கிரமே வந்து சேர்ந்தது. கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் வழியிலுள்ள அக்குறணையில் ஒருவருக்குத் தொற்று உறுதியானதும், மார்ச் மாத இறுதியில் அந்த ஊர் முழுவதும் தனிமைப்படுத்தப்பட்டது. கடைத்தெருவுக்குப் பெயர் பெற்ற ஊர் அப்படியே அடங்கிப்போனது. தொற்றினால் இறந்த எமது சமூகத்தவரை நல்லடக்கம் செய்யும் அனுமதி 2021 பெப்ரவரி இறுதியிலேயே கிடைத்தது. அதுவரை எமது பெற்றோர் மரணத்துக்கு மட்டும் அஞ்சவில்லை. மரணத்தின் பின் என்ன நடக்கும் என்பதற்கும் அஞ்சினார்கள். அந்நாட்களில் பிள்ளையை விளையாட அனுப்ப மறுத்த உம்மாவைக் கோழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வெளியுலக அனுபவமும் அவர்கள் பக்கமே நின்றது. 2020 பெப்ரவரி 19இல் இத்தாலியின் மிலான் நகரில் நடந்த உதைபந்தாட்டப் போட்டியொன்றை 40,000க்கும் மேற்பட்டோர் பார்த்தனர். அவர்களில் பெரும்பாலோர் அயலிலுள்ள பெர்காமோவிலிருந்து தமது அத்தலாந்தா அணிக்காகச் சென்றவர்கள். அடுத்த மாதமே இத்தாலியில் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட நகரங்களுள் பெர்காமோவும் ஒன்றானது. பரவலை அந்த ஒரு மாலை வேகப்படுத்தியிருக்கலாம் என மருத்துவர்கள் பலர் கருதினர்.

இலங்கையிலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. பாடசாலைகளை மூடும் அறிவித்தல் வந்த அதே மார்ச் 12இல்தான் கொழும்பில் றோயல் கல்லூரிக்கும் கல்கிசை சென் தோமஸ் கல்லூரிக்கும் இடையிலான பிக் மெட்ச் தொடங்கி, மூன்று நாட்கள் நடந்தது. இலங்கை வந்திருந்த இங்கிலாந்து கிரிக்கெட் அணியோ மறுநாளே பயிற்சிப் போட்டியை இடைநடுவில் விட்டுவிட்டு நாடு திரும்பத் தயாரானது. பிக் மெட்ச் பார்க்கச் சென்ற ஒருவருக்குத் தொற்று இருந்தமை பின்னர் உறுதியாக, அங்கு சென்றிருந்தோர் தம்மைக் கவனித்துக்கொள்ளுமாறு கேட்கப்பட்டனர்.

நடத்த வேண்டும் என்பாரின் நியாயம்

மறுபக்கத்தையும் பார்ப்போம். 5 முதல் 17 வயது வரையானோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்களாவது உடலை நன்கு இயக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 146 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, கொவிட் வருவதற்கு முன்னரே 11 முதல் 17 வயது வரையானோரில் 81 வீதத்தினர் இந்த அளவை எட்டவில்லை. ஆண் பிள்ளைகளில் இது 78 வீதம். பெண் பிள்ளைகளில் 85 வீதம்.

இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ள எனக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. ஊரடங்கு தளர்ந்த முதல் வாரத்திலேயே என் தம்பி தோழர்களுடன் ஒழுங்கைக்குள் பந்தடிக்கத் தொடங்கிவிட்டான். நான் ஜன்னலோரம் நின்று பார்த்தேன். என்னை எவரும் தடுக்கவில்லை. எனக்கென்று ஓர் இடமே இருக்கவில்லை. கண்டியைச் சுற்றி மலைச்சரிவில் நெருங்கிக் கட்டப்பட்ட வீடுகளில் முற்றம் என்பதே கைக்குட்டையளவுதான். பாடசாலை மூடினால் ஆண் பிள்ளை இழப்பது பல மைதானங்களில் ஒன்றை. எங்களில் பெரும்பாலோர் இழப்பது தமக்கிருந்த ஒரே மைதானத்தை.

கண்டி டிரினிட்டி கல்லூரியும் கொழும்பு றோயல் கல்லூரியும் றக்பியில் மோதும் பிரட்பி கேடயப் போட்டியை இந்நகரில் அறியாதவர் இல்லை. 1945இல் ஆரம்பமான அந்தப் போட்டியின் 75ஆவது சுற்று 2019இல் நடந்தது. 2020இலும் 2021இலும் போட்டி இல்லை. 2022இல் 76ஆவது சுற்று நடந்தது. கேடயம் இரண்டு வருடங்கள் அலுமாரியில் காத்திருந்தது. எண்ணிக்கை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

ஒரு பெண் பிள்ளையின் வயது அப்படிக் காத்திருக்காது. எனக்குக் கோல் தந்த தோழி பாடசாலையை விட்டுப் பிரியும்போது 14 வயதுச் சிறுமி. இரண்டு வருடங்கள் அலைக்கழிந்து திரும்பி வந்தபோது 16 வயது. "இனி என்ன ஓட்டம், பெரிய புள்ள ஆகிட்டா" என்று வீட்டார் சொல்லிவிட்டார்கள். தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்திருந்தால் அந்தப் பேச்சு எழுந்திருக்காது என்பது என் எண்ணம். ஓடும் பிள்ளையை நிறுத்தப் பெற்றோருக்கு ஒரு காரணம் வேண்டும். நின்றுவிட்ட பிள்ளையை மீண்டும் ஓடவிடுவதற்குத்தான் இன்னொரு காரணம் தேட வேண்டியிருக்கிறது. அவளிடம் அப்படியொரு காரணம் இருக்கவில்லை. பார்வையாளர் கூடாரத்தில் இருந்து எனக்காகக் கைதட்டினாள்.

விளையாட்டு என்பது ஒன்றல்ல, மூன்று

இரு தரப்பினரின் நியாயங்களும் வலுவானவை. அப்படியிருந்தும் விவாதம் முடிவுக்கு வராமைக்குக் காரணம், மூன்று வெவ்வேறு விடயங்களை "விளையாட்டு" என்ற ஒரே சொல்லால் அழைப்பதுதான் என நினைக்கிறேன். முதலாவது, கூட்டம் சேரும் விழா: இல்ல அலங்காரம், பாண்ட் வாத்தியம், பெற்றோர், பழைய மாணவியர். இரண்டாவது, போட்டி: அணிகள் வேறு பாடசாலைகளுக்கும் வேறு ஊர்களுக்கும் பயணிப்பது. மூன்றாவது, அன்றாட உடற்பயிற்சி: ஒரே வகுப்புப் பிள்ளைகள் தமது மைதானத்தில் ஓடுவது, குதிப்பது, வலைப்பந்து எறிந்து பழகுவது. மூன்றின் ஆபத்தும் ஒன்றல்ல, பயனும் ஒன்றல்ல.

நோய் பரவும் விதத்தைப் பார்த்தால் இது தெளிவாகும். மூச்சு வாங்கி ஓடுபவர் சாதாரணமாக இருப்பவரைவிடப் பல மடங்கு காற்றை உள்ளிழுத்து வெளிவிடுகிறார். மூடிய இடத்தில் அந்தக் காற்று தேங்கி நிற்கும்; திறந்த வெளியில் கலைந்துவிடும். 2020 ஜூனில் அமெரிக்காவின் புளோரிடாவில், உள்ளரங்கில் நடந்த ஒரே ஐஸ் ஹொக்கி ஆட்டத்தின் பின் 22 வீரர்களில் 14 பேர் நோயுற்றனர். மண்டப ஊழியர் ஒருவரும் நோயுற்றார். தென்கொரியாவின் சொனான் நகரில் மூடிய அறைகளில் நடந்த நடன உடற்பயிற்சி வகுப்புகளோடு தொடர்புபட்டு 112 பேருக்குத் தொற்று ஏற்பட்டது. ஆக, ஓடுவதைவிட ஓடும் இடமே பெரிய கேள்வி.

எமது சூழலுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். பிற்பகல் மழை கண்டிக்குப் பழக்கமானது. மழை வந்தவுடன் பயிற்சியை மண்டபத்துக்கு மாற்றிக் கதவுகளைச் சாத்திக்கொள்வோம். தொற்றுக்காலத்தில் அந்தக் கணமே ஆபத்தான கணம். அதுபோலவே, 10 பேர் இருக்க வேண்டிய பாடசாலை வேனில் 18 பேர் ஜன்னலை மூடிக்கொண்டு வருவது, ஒரே தண்ணீர்ப் போத்தலை ஐவர் வாயில் வைப்பது, உடைமாற்றும் சிறிய அறையில் அனைவரும் நெருங்கி நிற்பது ஆகியனவும் மைதானத்தைவிட ஆபத்தானவை.

மார்க்கம் காட்டும் வழி

கொள்ளைநோய் பரவும் ஊருக்குள் செல்லக்கூடாது, அங்கிருப்பவர் அதைவிட்டு வெளியேறவும் கூடாது என்ற நபி (ஸல்) அவர்களின் போதனையை நாம் அறிவோம். ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவியிருப்பதை அறிந்த கலீபா உமர் (ரழி) அவர்கள், எல்லையிலேயே தோழர்களோடு ஆலோசனை செய்து, படையோடு திரும்பிவிட்டார்கள். இறைவிதியிலிருந்து தப்பியோடுவதா என்று கேட்கப்பட்டபோது, ஒரு விதியிலிருந்து இன்னொரு விதியின் பால் செல்வதாகவே அதை விளக்கினார்கள். எச்சரிக்கையாக இருப்பது ஈமானுக்குக் குறைவல்ல. அதேவேளை, நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரழி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடியதும் எமது வரலாறே. ஒரு பெண் ஓடுவது புதுமையுமல்ல, வீண் வேலையுமல்ல.

அடுத்த முறை என்ன செய்யலாம்?

என் முடிவு இதுதான். தொற்று பரவத் தொடங்கிய உடனேயே கூட்டம் சேரும் விழாவை நிறுத்த வேண்டும். அதில் தயக்கம் கூடாது. எந்த மரபும் ஒரு வருடம் காத்திருந்தால் அழிந்துவிடாது. வெளிப் பாடசாலைகளுடனான போட்டிகளைச் சுகாதாரத் துறையினரின் ஆலோசனைப்படி பின்போட வேண்டும். மீண்டும் தொடங்கும்போதும் முதலில் பார்வையாளரின்றி நடத்தலாம். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கின் பெரும்பாலான போட்டிகளே வெறும் ஆசனங்களின் முன்னால்தான் நடந்தன.

அன்றாட உடற்பயிற்சியை, பாடசாலை திறந்திருக்கும் வரை நிறுத்தக்கூடாது. கணித பாடத்துக்குக் கதவு திறக்கும் நாளிலேயே மைதானத்துக்கும் கதவு திறக்க வேண்டும். பயிற்சி திறந்த வெளியில், மாறாத சிறு குழுக்களாக நடக்கட்டும். மழை வந்தால் மண்டபத்துக்குப் போகாமல் அன்றைய பயிற்சியை விட்டுவிடலாம். ஒவ்வொருவருக்கும் தனித் தண்ணீர்ப் போத்தல் இருக்கட்டும். காய்ச்சல், இருமல் உள்ளவள் வீட்டில் இருக்கட்டும். நோயிலிருந்து மீண்டவள் முதல் நாளே முழு வேகத்தில் ஓடாமல் படிப்படியாகத் தொடங்கட்டும். நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ இருந்தால் வைத்தியரைக் கண்ட பின்னரே ஓடட்டும். இந்தத் தொற்று சிலருக்கு இதயத் தசையில் அழற்சியை உண்டாக்கியது. வீட்டில் முதியவரோ நோயாளரோ இருப்பதால் வரமுடியாத மாணவி, அணியில் தனக்குள்ள இடத்தை அதற்காக இழக்கக்கூடாது.

பாடசாலையே மூடப்பட்டால்? 2021 ஏப்ரல் இறுதியில் மூடப்பட்ட பாடசாலைகள் ஒக்டோபர் 21 முதல் படிப்படியாகத்தான் திறந்தன. அந்த ஆறு மாதங்களில் சூம் வழியாக எல்லாப் பாடமும் வந்தது. உடற்கல்வி பெயருக்குத்தான் வந்தது. வீட்டுக் கூடத்தில் 20 நிமிடங்கள் செய்யக்கூடிய பயிற்சியை ஆசிரியை ஒருவர் நாள்தோறும் வழிநடத்தினாலே போதும். அதன் பயன் உடலுக்கு மட்டுமல்ல. "என் மகள் இன்னும் விளையாட்டு வீராங்கனைதான்" என்ற எண்ணம் அந்த வீட்டில் அணையாமல் இருக்கும்.

பெற்றோரே, பிள்ளையை வீட்டில் வைத்துக் காத்தது உங்கள் கடமை. அதற்காக நாங்கள் என்றும் நன்றியுடையோம். எங்கள் உம்மும்மா இன்றும் எம்முடன் இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். ஆபத்து நீங்கிய பின்னர் அவளை மீண்டும் மைதானத்துக்கு அனுப்புவதும் அதே கடமையின் மறுபாதி என்று எண்ணுங்கள்.

என் தோழிக்கு இப்போது ஒரு தங்கை எமது கல்லூரியில் படிக்கிறாள். இவ்வருடம் அவளும் அஞ்சல் ஓட்டத்தில் சேர்ந்திருக்கிறாள். மாலையில் அவளுக்குக் கோல் மாற்றச் சொல்லிக்கொடுப்பது அவளது அக்காதான்.