வேலிக்குப் பேட்டரி பெட்டி போதும், மோட்டார் கரண்ட் வேண்டாம்



களக்காடு, சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம், கடையம் என்று மலையடிவாரத்தில் எந்தக் குழுக் கூட்டத்துக்குப் போனாலும், சேமிப்பு, கடன் பேசி முடிந்ததும் பேச்சு காட்டுப்பன்றியில் வந்து நிற்கிறது. வாழைக்கன்றைத் தோண்டிப் போட்டுவிட்டது, நிலக்கடலையை ஒரே ராத்திரியில் உழுதுவிட்டது என்று சொல்லாத அக்கா இல்லை. குழுக்கடன் வாங்கிப் போட்ட பயிர் அது. "வேலிக்குக் கரண்ட் கொடுத்தா என்ன?" என்று கேட்கிறார்கள். கொடுக்கலாம். எந்தக் கரண்ட் என்பதுதான் கேள்வி.

பம்புசெட்டில் இருந்து ஒரு வயரை இழுத்து வேலிக் கம்பியில் மாட்டிவிடுவது சில இடங்களில் நடக்கிறது. அதில் 230 வோல்ட் நிற்காமல் ஓடும். தொட்டவுடன் தசை இறுகி, கை கம்பியைப் பிடித்துக்கொள்ளும். விட நினைத்தாலும் முடியாது. ராத்திரி போட்டதை விடியும்முன் அணைக்க மறந்துவிட்டால், முதலில் அந்தப் பக்கம் போவது யார்? புல் அறுக்கவும், வெளிக்கு இருக்கவும் இருட்டோடு போகிற நாம்தான். 2023 மார்ச் 7 அன்று தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் இப்படிப்பட்ட வேலியில் மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன.

இனி சரியான வேலியைப் பார்ப்போம். சோலார் வேலி, பேட்டரி வேலி என்கிறோமே, அதற்கு உயிர்நாடி ஒரு சின்னப் பெட்டி. எனர்ஜைசர் என்பார்கள். 12 வோல்ட் பேட்டரியில் இருந்து கரண்டை எடுத்துச் சேர்த்து வைத்து, நொடிக்கு ஒரு தடவை கம்பியில் சுண்டிவிடும். அந்தச் சுண்டு ஒரு நொடியில் நூற்றில் ஒரு பங்கு நேரம்கூட இருக்காது. அடுத்த சுண்டு வருவதற்குள் கையை எடுத்துவிடலாம், பன்றியும் ஓடிவிடும்.

"அதுல 5,000 வோல்ட்டுக்கு மேல இருக்காமே, 230-ஐ விட மோசம் இல்லையா?" என்று கேட்பீர்கள். அகஸ்தியர் அருவி உயரத்தில் இருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் தலையில் விழுந்தால் சுள்ளென்று இருக்கும், ஆள் சாகமாட்டார். தாமிரபரணி வெள்ளத்தில் இடுப்பளவுக்கு இறங்கினால்? வோல்ட் என்பது உயரம் மாதிரி. ஆளைக் கொண்டுபோவது நிற்காமல் ஓடுகிற ஓட்டம்.

வண்ணார்பேட்டைக்கு பஸ் ஏறி வந்து டவுன் கடைகளில் பெட்டி விசாரிக்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். இந்தப் பெட்டிக்கென்றே ஐ.எஸ். 302 பகுதி 2-76 என்று இந்தியத் தர விதி இருக்கிறது. அதன்படி செய்ததா என்று கேட்டு, பில் வாங்குங்கள். யாரோ வீட்டில் வைத்துச் செய்து தரும் பெட்டி எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

மாட்டும்போது நம் ஆட்கள் கவனிக்காமல் விடுவது எர்த்தைத்தான். கம்பியைத் தொட்ட பன்றியின் உடம்பு வழியாக மண்ணுக்குப் போகும் கரண்ட், எர்த் கம்பி வழியாகப் பெட்டிக்குத் திரும்பி வந்தால்தான் ஷாக் அடிக்கும். அதனால் ஒரு முழக் கம்பியை அடித்துவிட்டு வந்தால் பிரயோஜனம் இல்லை. ஆறடி நீளமுள்ள கம்பி இரண்டு மூன்று, பத்தடி இடைவெளி விட்டு, ஈரம் நிற்கும் இடத்தில் அடிக்க வேண்டும். கோடையில் மண் காய்ந்து "பெட்டி ரிப்பேர்" என்று தூக்கிக்கொண்டு கடைக்குப் போகிறவர்கள், முதலில் எர்த் அடியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வீட்டு எர்த், மோட்டார் எர்த் பக்கத்தில் மட்டும் இதை அடிக்கக் கூடாது. பத்து மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

பன்றிக்கு முக்கால் அடி உயரத்தில் ஒரு கம்பி, ஒன்றரை அடியில் ஒன்று இருந்தால் மூக்கில் படும். முள்கம்பியில் கரண்ட் விடவே கூடாது. ஆடோ பிள்ளையோ சிக்கிக்கொண்டால் விடுபட முடியாமல் திரும்பத் திரும்ப அடி விழும். வேலிக்கு அடியில் குனிந்து நுழையாதீர்கள், தலையில் படுவது ஆபத்து. இருதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் கிட்டே வரவேண்டாம். பாதையோரம் மஞ்சள் எச்சரிக்கைப் பலகை கட்டாயம். மின்வாரிய லைனுக்கு நேர் கீழே கம்பி இழுக்க வேண்டாம். ஒரே வேலிக்கு இரண்டு பெட்டியும் கூடாது.

புல் வளர்ந்து கம்பியில் பட்டால் கரண்ட் அதன் வழியே மண்ணுக்கு இறங்கிவிடும். வாரம் ஒரு தடவை பெட்டியை அணைத்துவிட்டுப் புல் அறுங்கள். கம்பியில் கரண்ட் இருக்கிறதா என்று வேலி டெஸ்டரால் பாருங்கள், புறங்கையால் தொட்டுப் பார்க்கும் வீரம் வேண்டாம். பேட்டரியை வீட்டுக் கரண்டில் சார்ஜ் போடுவதானால் பெட்டியில் இருந்து கழற்றிவிட்டுத்தான் போட வேண்டும்.

எங்காவது நேரடிக் கரண்டில் ஒருவர் மாட்டிக்கொண்டால் அவரைத் தொடாதீர்கள். மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த பலகை மேல் நின்று, காய்ந்த கம்பால் கம்பியைத் தள்ளிவிட்டு, 108-க்குப் போன் செய்யுங்கள்.

அனுமதி விஷயம் முக்கியம். மின்வேலிகளுக்கென்று தமிழக அரசு 2023-ல் விதிகள் கொண்டுவந்தது. காப்புக்காட்டில் இருந்து 5 கிலோமீட்டருக்குள் நிலம் இருந்தால், புது வேலிக்கு மாவட்ட வன அலுவலரிடம் அனுமதி வாங்க வேண்டும். முன்பே போட்ட வேலியையும் பதிவு செய்ய வேண்டும். களக்காடு முண்டந்துறை காப்பகத்தை ஒட்டிய நம் ஊர்களில் பல இதற்குள் வரும். மோட்டாருக்கு அரசு தரும் இலவச மின்சாரத்தை வேலிக்குத் திருப்புவது தனிக் குற்றம். ஆள் செத்தால் ஜெயில், நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவர்மேலும் கேஸ் வரலாம். பட்டா உங்கள் பேரில் இருந்தால், "ஆம்பிளைங்க பார்த்துக்கிடுவாங்க" என்று விட்டுவிடாதீர்கள்.

சோலார் வேலிக்கு வேளாண்மைப் பொறியியல் துறை முன்பு மானியம் கொடுத்திருக்கிறது. இந்த வருஷம் உண்டா என்று பெட்டி வாங்கும் முன்பே கேளுங்கள். பக்கத்துப் பக்கத்து நிலத்துக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரே பெட்டி போட்டால் செலவு குறையும். அதற்குக் குழுக்கடன் கேட்டால் தீர்மான நோட்டில் எழுதும்போது பெட்டி பில், வன அலுவலரின் அனுமதிக் கடிதம் இரண்டின் நகலையும் சேர்த்து வையுங்கள்.