சோக் இல்லாத பழைய மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் செய்வது எப்படி?



தோட்டத்து றோட்டுகளில் இன்று ஓட்டோவும் புதிய மோட்டார் சைக்கிள்களும் நிறைந்துவிட்டன. ஆனாலும் பழைய பீ.எஸ்.ஏ., ரோயல் என்பீல்ட் பைக்குகளைக் கைவிடாமல் வைத்திருப்போர் இன்னும் அங்கொருவர் இங்கொருவராக இருக்கிறார்கள். பகலில் நன்றாக ஓடும் பைக், விடியற்காலைக் குளிரில் அடம் பிடிக்கும். "உதைச்சு உதைச்சு காலே விட்டுப் போச்சு" என்று அலுத்துக்கொள்வோம். நள்ளிரவில் காய்ச்சல்காரப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டிய நேரத்தில் இது சின்ன விஷயமல்ல. எனவே இம்முறை இதையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

குளிரில் ஏன் அடம் பிடிக்கிறது?

பெற்றோல் தண்ணீர் போல இருக்கும்போது எரிவதில்லை. அது ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் எரியும். சூடான என்ஜினுக்கு ஒரு பங்கு பெற்றோலுக்குச் சுமார் 15 பங்கு காற்று (நிறைப்படி) போதும். குளிர்ந்த என்ஜினில் பெற்றோலின் பெரும்பகுதி ஆவியாகாமல் குழாயின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். ஆகவே ஸ்டார்ட் ஆகும்வரை பெற்றோல் கூடுதலாக வேண்டும். சோக் என்பது காற்றைக் குறைத்து அந்தக் கணக்கைச் சரி செய்யும் ஒரு தகடு.

சோக் இல்லாவிட்டால் என்ன வழி?

பழைய ஆங்கில பைக்குகள் பலவற்றில் அமல் கம்பனியின் காபரேட்டர் இருக்கும். அதன் மிதவை அறையில் ஒரு சிறு பொத்தான் உண்டு. அதற்கு டிக்லர் என்று பெயர். அதை அமுக்கினால் மிதவை கீழே இறங்கும், பெற்றோல் மட்டம் உயரும், கூடுதல் பெற்றோல் உள்ளே போகும். சோக் காற்றைக் குறைக்கிறது. டிக்லர் பெற்றோலைக் கூட்டுகிறது. பலன் ஒன்றுதான்.

செய்யும் முறை

1. பைக்கை வெளியே, சமமான இடத்தில் ஸ்டாண்டில் நிறுத்தி நியூட்ரலில் போடுங்கள். பெற்றோல் டெப்பைத் திறந்து அரை நிமிடம் பொறுங்கள்.

2. டிக்லரை மெதுவாக அமுக்குங்கள். பெற்றோல் ஈரம் வெளியே தெரிந்த உடனே கையை எடுத்துவிடுங்கள். ஒழுக விடக்கூடாது. சிந்தியதைத் துடையுங்கள்.

3. சாவியைப் போடாமல் இரண்டு தரம் மெதுவாக உதையுங்கள். பெற்றோல் உள்ளே இழுக்கப்படும்.

4. இக்னிஷன் லீவர் உள்ள பைக்காக இருந்தால் அதைப் பின்தள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்கால் முறியவும் கூடும்.

5. கிக்கரை மெல்ல அமுக்கிக்கொண்டு வாருங்கள். கெட்டியாகத் தடுக்கும் இடத்தில் டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, சற்றுத் தாண்டியதும் விட்டுவிடுங்கள். கிக்கரை மேலே வர விட்டு, சாவியைப் போட்டு, உடம்பின் பாரத்தோடு ஒரே உதை. அக்ஸிலேட்டரைக் கொஞ்சமே திறந்திருக்க வேண்டும்.

6. பிடித்துக்கொண்டதும் முறுக்கி அலற விடாதீர்கள். ஓரிரு நிமிடம் மெதுவாக ஓடி சூடேறட்டும். பிறகு இக்னிஷன் லீவரை முன்னே தள்ளுங்கள்.

மலையில் கவனிக்க வேண்டியது

நுவரெலியா 1,850 மீட்டருக்கும் மேலே உள்ளது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையை விட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று ஐதாக இருப்பதால், கொழும்பில் சரிபார்த்த பைக் இங்கே வந்ததும் பெற்றோலைக் கூடுதலாகக் குடிக்கும். குளிர் கூட்டிக் கேட்கிறது, உயரம் குறைத்துக் கேட்கிறது. ஆகவே முதலில் கொஞ்சமாகக் கொடுத்துப் பாருங்கள். சூடான என்ஜினுக்கு டிக்லரே வேண்டாம்.

பெற்றோல் அதிகமாகிவிட்டால்?

பெற்றோல் வாசம் தூக்கலாக அடிக்கும், உதைத்தும் பிடிக்காது. அப்போது மேலும் மேலும் டிக்லரை அமுக்குவதால் நிலைமை மோசமாகும். டெப்பை மூடி, சாவியை எடுத்து, அக்ஸிலேட்டரை முழுக்கத் திறந்து ஏழெட்டுத் தரம் உதையுங்கள். அப்படியும் சரிவராவிட்டால் பிளக்கைக் கழற்றித் துடைத்துக் காய வைத்துப் போடுங்கள்.

செய்யவே கூடாதவை

• டிக்லரை அமுக்கும் இடத்தில் பீடி, நெருப்புக்குச்சி, குப்பி விளக்கு எதுவும் கூடாது. வெளிச்சம் தேவையென்றால் டோர்ச் லைட் பிடியுங்கள்.

• காபரேட்டர் வாயிலோ பிளக் துவாரத்திலோ பெற்றோல் ஊற்றாதீர்கள். நெருப்பு திருப்பி அடித்தால் முகம் கருகும்.

• காற்று போகும் வாயில் துணியைத் திணிக்காதீர்கள். உள்ளே இழுபட்டால் என்ஜின் கெடும்.

• மழையென்று பைக்கை லயத்து அறைக்குள் வைத்து ஓட விடாதீர்கள். புகையிலுள்ள கார்பன் மொனொக்சைட்டுக்கு வாசமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்கும் பிள்ளைகளின் உயிரையே அது எடுத்துவிடும்.

• இரவில் பள்ளத்தில் உருட்டி ஸ்டார்ட் செய்யப் பார்க்காதீர்கள். பெட்டரி செத்த பைக்கில் என்ஜின் ஓடாவிட்டால் லைட்டும் எரியாது.

தம்பிமார்களே, காலின் பலத்தை விட அளவறிந்து பெற்றோல் கொடுப்பதே இங்கு முக்கியம். அவசரம் வந்த பிறகு பழகுவதை விட, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மூன்று தரம் செய்து பழகிக்கொள்ளுங்கள். வீட்டில் வேறொருவருக்கும் சொல்லிக் கொடுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. குளிர்ந்த என்ஜினுக்குக் கூடுதல் பெற்றோல் தேவைப்படுவது ஏன்?
2. டிக்லரை எப்போது விட வேண்டும்?
3. லயத்து அறைக்குள் என்ஜினை ஓட விடக்கூடாது என்பது ஏன்?

பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். மூன்றாவது கேள்விக்கான விடையை வீட்டில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்.