அப்பா 58 வயசுல மறுமணம் செய்தால் வீடு யாருக்கு? முன்கூட்டியே எழுத வேண்டிய 5 விஷயங்கள்

நீங்க சென்னையிலயோ பெங்களூரிலயோ வேலை பார்க்கிறீங்க. திருநெல்வேலியில அப்பா தனியா இருக்கார். அம்மா தவறி சில வருஷம் ஆச்சு. ஒருநாள் போன்ல, "பேச்சுத் துணைக்கு ஒருத்தங்க இருந்தா நல்லாருக்கும்னு தோணுதுப்பா"ன்னு சொல்றார்னு வெச்சுக்குவோம்.

பல வீடுகள்ல பிள்ளைங்க மனசுல முதல்ல வர்ற கேள்வி, "அப்போ வீடு?" அதை வாய்விட்டுக் கேட்க முடியாது. அதனால "ஊர் என்ன சொல்லும்"னு காரணம் சொல்லி, அந்தக் கல்யாணத்தையே தடுத்துடுறாங்க.

சொத்து பயத்துக்குத் தீர்வு காகிதத்துல இருக்கு. கல்யாணத்தை நிறுத்துறதுல இல்லை. இன்னைக்குப் பாடம் இதுதான்.

எதுவும் எழுதலைன்னா என்ன ஆகும்?

ஒரு கணக்கு போடுவோம். பெருமாள்புரத்துல அப்பா தன் சம்பளத்துல கட்டின வீடு, மதிப்பு 60 லட்சம். பிள்ளைங்க நீங்களும் தங்கச்சியும். சித்தியா வரப்போறவங்க கணவரை இழந்தவங்க. அவங்களுக்கு ஒரு மகள். அம்பாசமுத்திரம் பக்கம் தாமிரபரணிப் பாசனத்துல, சொந்தக் காசுல வாங்கின வயல் இருக்கு, மதிப்பு 20 லட்சம்.

இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-படி, அப்பா உயில் எழுதாம இறந்தா மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சம பங்கு. சித்திக்கு 20, உங்களுக்கு 20, தங்கச்சிக்கு 20 லட்சம். அப்பாவைப் பெத்த ஆச்சி உயிரோட இருந்தா அவங்களுக்கும் ஒரு பங்கு. அப்போ ஆளுக்கு 15 லட்சம். சித்தி மகளுக்கு அப்பா சொத்துல நேரடிப் பங்கு கிடையாது. ஆனா சித்தி வாங்கின பங்கு, அவங்களும் உயில் எழுதாம இறந்தா, அந்த மகளுக்குப் போகும்.

இப்போ திருப்பிப் பாருங்க. சித்தி முதல்ல இறந்தா, வயல்ல பாதி மகளுக்கு, பாதி உங்க அப்பாவுக்கு. அப்பாவோட அந்த 10 லட்சம் பின்னாடி உங்களுக்கும் தங்கச்சிக்கும் வரும். அதாவது, நீங்க பயப்படுற மாதிரியே அந்தப் பொண்ணும் பயப்படும்.

மதம் மாறினா கணக்கும் மாறும்

பாளையங்கோட்டையில கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைய. அவங்களுக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925 பொருந்தும். பிள்ளைங்க எத்தனை பேரா இருந்தாலும் மனைவிக்கு மூணுல ஒரு பங்கு; மீதி பிள்ளைகளுக்கு. முக்கியமான விஷயம்: கல்யாணத்துக்கு முன்னாடி எழுதின உயில், கல்யாணம் ஆனதும் தானாவே ரத்தாகிடும். புதுசா எழுதணும்.

இந்துக்களுக்கு இது அப்படியே தலைகீழ். பழைய உயில் ரத்தாகாது. பத்து வருஷம் முன்னாடி "எல்லாம் பிள்ளைகளுக்கே"ன்னு எழுதி பீரோவுல வெச்சது அப்படியே செல்லும். கூட இருந்து பார்த்துக்கிட்ட சித்தி, கடைசியில வீட்டைவிட்டு வெளியேற வேண்டி வரலாம்.

மேலப்பாளையம் மாதிரி இஸ்லாமியக் குடும்பங்கள்ல, பிள்ளைகள் இருந்தா மனைவிக்கு எட்டுல ஒரு பங்கு. மத்த வாரிசுகள் சம்மதம் இல்லாம, மூணுல ஒரு பங்குக்கு மேல உயில் எழுத முடியாது.

செய்ய வேண்டிய 5 வேலைகள்

1. அம்மா பங்கை முதல்ல முடிங்க. அம்மா பேர்ல வீடோ நிலமோ இருந்து, உயில் இல்லைன்னா, அப்பாவுக்கும் பிள்ளைகளுக்கும் அதுல சம பங்கு உண்டு. இ-சேவை மையத்துல வாரிசு சான்றுக்கு விண்ணப்பிச்சு, பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவு பண்ணி, பட்டாவை மாத்துங்க. புதுக் குடும்பம் தொடங்குறதுக்கு முன்னாடியே இது தெளிவாகிடணும்.

2. கல்யாணத்தைப் பதிவு பண்ணுங்க. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009-படி 90 நாளுக்குள்ள பதிவு செய்யணும். ரெண்டு பேர்ல யாராவது விவாகரத்து ஆனவங்கன்னா, கோர்ட் தீர்ப்பு நகல் கையில இருக்கணும். ஊர்ப் பெரியவங்க முன்னாடி பேசி முடிச்சாச்சுன்னு நம்பி இறங்காதீங்க.

3. பென்ஷனை முன்கூட்டியே விசாரிங்க. 1995-ம் வருஷ பி.எஃப். ஓய்வூதியத் திட்டத்துல, விதவை ஓய்வூதியம் மறுமணத்தோட நின்னுடும். அரசுக் குடும்ப ஓய்வூதியத்துலயும் பொது விதி அதுதான். இதுக்காகவே சிலர் கல்யாணம் பண்ணாம சேர்ந்து வாழலாம்னு நினைப்பாங்க. கோயம்புத்தூர்லேருந்து போன வேலுசாமி - பச்சையம்மாள் வழக்குல, எந்த மாதிரி உறவைத் 'திருமணம் போன்ற உறவு'ன்னு ஏத்துக்கலாம்னு 2010-ல உச்ச நீதிமன்றம் விளக்கிச்சு. ஆனா அது ஜீவனாம்சம், பாதுகாப்பு பத்தின விஷயம். கல்யாணம் ஆகலைன்னா வாரிசுப் பட்டியல்ல இடம் கிடையாது. பென்ஷன் தொகை ஒரு பக்கம், வாரிசுரிமை ஒரு பக்கம் வெச்சு கணக்குப் பார்த்து முடிவு பண்ணுங்க. கல்யாணம் வேண்டாம்னா, உயில் கட்டாயம் வேணும்.

4. நாமினியைப் புதுப்பிங்க. பேங்க், பி.எஃப்., மியூச்சுவல் ஃபண்ட், டீமேட் எல்லாத்துலயும் இறந்துபோன அம்மா பேரே இன்னும் இருக்கலாம். ஆனா நாமினி ஆனதாலயே ஒருத்தர் சொந்தக்காரர் ஆகிட மாட்டார். கம்பெனிப் பங்குகள் விஷயத்துல 2023 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்திச்சு. நாமினியும் உயிலும் ஒரே கதையைச் சொல்லணும்; இல்லைன்னா சண்டை வரும்.

5. ரெண்டு பேரும் தனித்தனியா உயில் எழுதட்டும். நம்ம கணக்குக்கு ஒரு வழி: சித்தி ஆயுள் வரைக்கும் அந்த வீட்டுல குடியிருக்கலாம், விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது, அவங்களுக்குப் பிறகு வீடு பிள்ளைகளுக்கு. கூடவே ஒரு டெபாசிட் முழுசா சித்திக்கே. சித்தியோட வயல் அவங்க மகளுக்கே. வீட்டு வரி, ரிப்பேர் செலவு யாருதுன்னும் எழுதிடுங்க. ஆயுள் உரிமை வாசகம் சரியில்லைன்னா, இந்து வாரிசுரிமைச் சட்டம் 14-வது பிரிவுப்படி அது முழு உரிமையா மாற வாய்ப்பிருக்கு. அதனால வக்கீல் வெச்சே எழுதுங்க.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம். ரெண்டு சாட்சி கட்டாயம். பதிவு கட்டாயம் இல்லை. ஆனா சார்பதிவாளர் அலுவலகத்துல பதிவு பண்ணிட்டா பின்னாடி தகராறு குறையும்.

ஒரு எச்சரிக்கை

"முதல்ல வீட்டை என் பேருக்கு எழுதிக் கொடுங்க, அப்புறம் கல்யாணம் பண்ணிக்கோங்க"ன்னு கேட்காதீங்க. செட்டில்மென்ட் பத்திரம் பொதுவா உடனே அமலுக்கு வரும். அப்பா தான் கட்டின வீட்டுலயே விருந்தாளி ஆகிடுவார். உயில் அப்படி இல்லை. உயிரோட இருக்கிற வரை எப்போ வேணும்னாலும் அவர் மாத்திக்கலாம். இன்னொண்ணு: பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 2007-ல, 'பெற்றோர்'ங்கிற சொல்லுக்குள்ள மாற்றாந்தாயும் வர்றாங்க.

பேச்சை எப்படித் தொடங்கணும்னு யோசிக்கிறீங்களா? "அப்பா, எனக்குச் சம்மதம். ரெண்டு வீட்டுப் பிள்ளைகளும் உட்கார்ந்து பேசிட்டு, காகிதத்தையும் முடிச்சுடுவோம்." இவ்வளவு போதும். இந்த முறை ஊருக்குப் போறப்போ தாய்ப்பத்திரம், பட்டா, பழைய உயில் மூணையும் எடுத்துப் பாருங்க.